ஒற்றரும் காவலரும்

விளையாட்டு என்பது வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். ஆயினும், ஒரு மக்கட் கூட்டம் எதற்கு அஞ்சுகிறது, எதை அறிவென்று மதிக்கிறது, எவ்வகை வெற்றியை வெற்றி என்று கொண்டாடுகிறது என்பனவற்றை அதன் விளையாட்டுக்களைக் கொண்டே ஒருவாறு கூறிவிடலாம். நம் விடுதிகளில் இரவு உணவு முடிந்த பின் கணிப்பொறியின் முன் அமரும் நண்பர்கள் ஆடும் ஆட்டங்களுள் ஒரு வகை உண்டு. ஒரு பக்கத்தார் ஒற்றர். மறு பக்கத்தார் துப்பாக்கி ஏந்திய காவலர். ஒற்றர் மறைந்து நுழைவர். காவலர் தேடிச் சுடுவர். இதனை நாம் 'மறைந்தாடும் ஆட்டம்' என்று அழைப்போம்.

இக்கட்டுரையில் மூன்று வினாக்களை எடுத்துக் கொள்கிறேன். இவ்வாட்டம் எவ்வாறு இயங்குகிறது? இதனுள் அடங்கிய கணக்கு யாது? அக்கணக்கு மெய்யான காட்டுக்கும் மெய்யான மனிதருக்கும் எவ்வளவு தூரம் பொருந்தும்? மூன்றாவது வினாவிற்கு விடை காண நாம் தொலை நாடு செல்ல வேண்டியதில்லை. மைசூரிலிருந்து கொள்ளேகாலம், மாதேசுவரன் மலை வழியாக மேட்டூர் செல்லும் பேருந்தில் ஏறினால், மலையிறங்கியதும் வரும் பாலாற்றுப் பாலமே அதற்குப் போதும். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடி மைசூருக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவன் நான், இயற்பியல் பயில்பவன். அவ்வழியே பலமுறை சென்றிருக்கிறேன். ஆதலின் இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் எண்ணம் எனக்கு உண்டாயிற்று.

ஒவ்வாத படைகள்

சதுரங்கத்தில் இரு பக்கத்தாருக்கும் ஒரே வகைக் காய்கள், ஒரே எண்ணிக்கை, ஒரே விதி. நம் நாட்டு ஆடுபுலி ஆட்டம் அவ்வாறன்று. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து, கோடுகள் சந்திக்கும் இடங்கள் இருபத்து மூன்று. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும்; ஆட்டுக்கு வெட்டும் ஆற்றல் இல்லை. ஆயினும் ஆடுகள் கூடி நின்று புலிகளை நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆடுகளுக்கே வெற்றி. வலிமை ஒரு பக்கம், எண்ணிக்கை மறு பக்கம். இத்தகைய ஆட்டத்தை ஒவ்வாப் படை ஆட்டம் எனலாம். கோயில் மண்டபத் தரைக் கற்களிலே இக்கோலம் செதுக்கப்பட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம்.

ஆனால் ஆடுபுலி ஆட்டத்தில் ஒளிவு மறைவு கிடையாது. எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். கண்ணாமூச்சியிலோ, கள்ளன் போலீஸ் ஆட்டத்திலோ நிலைமை வேறு. அங்கே ஒருவன் இருக்குமிடம் மற்றவனுக்குத் தெரியாது. அறியாமையே அவ்வாட்டத்தின் உயிர். ஆடுபுலியின் ஒவ்வாமையையும் கண்ணாமூச்சியின் அறியாமையையும் ஒன்றாகக் கலந்தால் என்ன கிடைக்குமோ, அதுவே ஒற்றர்–காவலர் ஆட்டம்.

திரையில் ஒற்றர்

இவ்வகை ஆட்டத்திற்குப் பெயர் பெற்றது, யூபிசாஃப்ட் நிறுவனம் 2004ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளியிட்ட 'ஸ்ப்ளின்டர் செல்: பண்டோரா டுமாரோ' என்னும் வீடியோ விளையாட்டாகும். அதில் பலர் சேர்ந்து ஆடும் பகுதியில் இருவர் ஒற்றர், இருவர் காவலர். காவலர் காத்து நிற்கும் கட்டிடத்துள் நுழைந்து, நச்சுக் கிருமிகள் அடங்கிய கலங்களைச் செயலிழக்கச் செய்வது ஒற்றரின் வேலை. குறித்த காலம் முடியும்வரை அதனைத் தடுப்பது காவலரின் வேலை.

இரு பக்கத்தாருக்கும் பார்வையே வேறு வேறாக அமைத்திருப்பது இவ்வாட்டத்தின் நுட்பம். காவலராக ஆடுபவர் தம் கண்ணால் காண்பதை மட்டுமே திரையில் காண்பார்; முதுகுக்குப் பின்னால் நிற்பது தெரியாது. ஒற்றராக ஆடுபவரோ தம் உருவத்தையே பின்னாலிருந்து காண்பார். ஆகவே சுவரின் மூலைக்கு அப்பால் நடப்பதும் அவருக்கு ஓரளவு தெரியும். காவலரிடம் கொல்லும் துப்பாக்கி உண்டு. ஒற்றரின் கருவி மின்னதிர்ச்சி கொடுத்துச் சிறிது நேரம் செயலறச் செய்வதோடு சரி. பின்புறமாக அணுகிக் கையால் பிடித்தாலன்றிக் காவலரை அவர் வீழ்த்த இயலாது. வலிமை காவலருக்கு, அறிவு ஒற்றருக்கு.

இன்னொரு நுட்பமும் கருதத்தக்கது. இருளில் காண ஒற்றருக்கு ஒரு கண்ணாடி உண்டு. ஆனால் அக்கண்ணாடி மின்சாரத்தால் இயங்குவது. இயங்கும் மின்கருவியைக் காட்டிக் கொடுக்கும் வேறொரு கண்ணாடி காவலரிடம் உண்டு. காவலரின் மற்றொரு கருவி விரைந்து அசைவதைக் காட்டும். ஆகவே ஒற்றர் மெல்ல நகர்ந்தால் அக்கருவிக்கு அகப்படார். மெல்ல நகர்ந்தால் காலம் கழிந்துவிடும். பார்க்க விரும்புவோன் பார்க்கப்படுகிறான். மறைய விரும்புவோன் காலத்தை இழக்கிறான். ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை வைத்ததே இவ்வாட்டத்தின் சிறப்பு. 2005, 2006, 2013 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த அதே வரிசை ஆட்டங்களிலும் இம்முறை தொடர்ந்தது. கடைசியாகக் கூறிய 'பிளாக்லிஸ்ட்' ஆட்டத்தில் நால்வருக்கு நால்வர் ஆடும் முறையும் சேர்க்கப்பட்டது.

இரண்டு கதவுகளின் கணக்கு

இனி, ஆட்டத்தின் ஆரவாரங்களை எல்லாம் நீக்கி, அதன் எலும்பை மட்டும் எடுத்து நோக்குவோம். ஒரு கட்டிடத்திற்கு இரண்டு கதவுகள். ஒற்றர் ஒருவர், காவலர் ஒருவர். முன்கதவு வழியே ஒற்றர் நுழைந்துவிட்டால் அவருக்கு 3 மதிப்பெண். பின்கதவு வழியே நுழைந்தால் 1 மதிப்பெண். காவலர் அதே கதவில் நின்றால் ஒற்றருக்கு ஒன்றும் இல்லை. இருவரும் ஒருவர் அறியாமல் ஒருவர் கதவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காவலர் என் செய்வது நலம்?

"முன்கதவுதானே விலை உயர்ந்தது? எப்பொழுதும் அங்கேயே நிற்கலாம்" என்று தோன்றும். அப்படிச் செய்தால், நாலு ஆட்டத்தில் ஒற்றர் அதனைக் கண்டுகொள்வார். பின்கதவு வழியே நாள்தோறும் நுழைந்து ஒவ்வொரு முறையும் 1 பெறுவார். மாறாக, காவலர் நாலில் மூன்று முறை முன்கதவிலும் ஒரு முறை பின்கதவிலும், எந்த ஒழுங்கும் தெரியாதபடி, நிற்பதாகக் கொள்வோம். ஒற்றர் முன்கதவை நாடினால் நாலில் ஒரு முறை 3 பெறுவார், சராசரி முக்கால். பின்கதவை நாடினால் நாலில் மூன்று முறை 1 பெறுவார். சராசரி அதுவும் முக்கால். எப்படி ஆடினாலும் ஒற்றருக்கு முக்காலுக்கு மேல் இல்லை. ஒன்று முக்காலாகக் குறைந்தது. குறைத்தது ஆயுதம் அன்று, ஒழுங்கின்மையே.

ஒற்றரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வியப்பு இன்னும் மிகுதி. அவர் விலை உயர்ந்த முன்கதவை நாலில் ஒரு முறைதான் நாட வேண்டும். மூன்று முறை எளிய பின்கதவையே நாட வேண்டும். அவ்வாறு ஆடினால், காவலர் எங்கே நின்றாலும் ஒற்றருக்கு முக்கால் உறுதி. விலை மிகுந்த இடத்தைக் காவலர் மிகுதியாகக் காப்பார். ஆதலின் அறிவுள்ள ஒற்றர் அவ்விடத்தை மிகக் குறைவாக நாடுவார்.

இதனை நண்பர்கள் இருவர் அறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் இரண்டு காசுகளை மறைவாகச் சுண்டுக. இரண்டும் தலை விழுந்தால் ஒற்றர் முன்கதவு, காவலர் பின்கதவு. மற்றபடி ஒற்றர் பின்கதவு, காவலர் முன்கதவு. நாற்பது ஆட்டம் ஆடினால் ஒற்றரின் மதிப்பெண் முப்பதை ஒட்டி வரும். பிறகு காசை விட்டுவிட்டு உங்கள் சொந்த மூளையைக் கொண்டே ஆடிப் பாருங்கள். மனிதன் தான் ஒழுங்கின்றி நடப்பதாக எண்ணிக்கொண்டே ஓர் ஒழுங்கில் விழுந்துவிடுவதை எதிராளியின் மதிப்பெண் காட்டிவிடும்.

இவ்வாறு கலந்தாடும் முறைக்கு ஒரு தேற்றத்தால் அடித்தளம் இட்டவர் ஜான் ஃபான் நாய்மான், ஆண்டு 1928. அன்று அது தூய கணிதம். 2007ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில், காவலர் சோதனைச் சாவடிகளை எங்கே, எப்பொழுது வைப்பது என்பதைக் கணிப்பொறியே ஒழுங்கின்றித் தேர்ந்தெடுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதனை உருவாக்கிய குழுவின் தலைவர் மிலிந்த் தாம்பே என்னும் இந்திய அறிஞர். அவர் குழு அதே கணக்கைக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவோரைத் தடுக்கும் ரோந்துக்கும் பொருத்தி, உகாண்டாவிலும் மலேசியாவிலும் சோதித்துப் பார்த்தது.

அரசகுமாரியும் அரக்கனும்

கதவு இரண்டாக இராமல், ஒரு பெரிய இருட்டறை முழுவதுமே ஒளியும் இடமாக இருந்தால்? 1965ஆம் ஆண்டு ரூஃபஸ் ஐசக்ஸ் என்பார் தம் நூலில் இவ்வினாவை ஒரு கதை போல எழுப்பினார். இருட்டறையில் ஓர் அரசகுமாரி. அவளைத் தேடும் ஓர் அரக்கன். இருவரும் ஒருவரை ஒருவர் காணார். மிக அருகில் வந்தால் மட்டுமே அரக்கன் அவளைப் பற்றுவான். அவள் எவ்வாறு நடந்துகொண்டால் நெடுநேரம் தப்பலாம்?

ஷ்முவேல் கால் என்னும் கணித அறிஞர் 1979இல் இதற்கு விடை கண்டார். அரசகுமாரி ஏதேனும் ஓர் இடத்திற்குச் சென்று, அங்கே சிறிது நேரம் அசையாது இருத்தல் வேண்டும். பின்பு முன்னையதோடு தொடர்பில்லாத வேறோர் இடத்திற்குச் செல்லுதல் வேண்டும். தங்கும் நேரம் மிகக் குறைவாகவும் இருத்தல் கூடாது. மிக நீண்டதாகவும் இருத்தல் கூடாது. ஓயாமல் ஓடுபவள் அரக்கனின் வழியில் தானே சென்று விழுவாள். ஒரே இடத்தில் கிடப்பவளை அவன் அறையை முறையாகத் துழாவிக் கண்டுபிடிப்பான். ஒற்றர்–காவலர் ஆட்டத்தில் நெடுநாள் பழகியவர் இதனைக் கணிதம் கல்லாமலே கைப்பழக்கத்தால் அறிந்திருப்பர்.

மூன்று ஒற்றர்

இதுகாறும் ஒளிபவரைப் பற்றிக் கூறினோம். தேடுபவருக்கு வேண்டுவது செய்தி. செய்தி கொண்டு வருவோரை எவ்வாறு நம்புவது? திருக்குறளின் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். தனித்தனியே, ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாதபடி மூவரை அமர்த்தி, அவர் கொணரும் செய்தி ஒத்திருந்தால் அதனை ஏற்கலாம் என்னும் கருத்து அங்கே உண்டு. அரசியல் அறமாக நாம் படித்த இக்கருத்தை நிகழ்தகவுக் கணக்காகவும் படிக்கலாம்.

'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை வரும் ஒரு வினா. இரண்டில் எதுவும் நேரலாம். ஒவ்வோர் ஒற்றரும் ஐந்தில் ஒரு முறை தவறுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சொல்லை மட்டும் நம்பினால் ஐந்தில் ஒரு முறை ஏமாறுவோம். மூவரும் ஒரே விடை கூறும்போது, மூவருமே சரியாக இருக்கும் வாய்ப்பு 125இல் 64; மூவருமே தவறாக இருக்கும் வாய்ப்பு 125இல் 1. ஆகவே மூவர் சொல் ஒத்தால், நாம் ஏமாறுவது அறுபத்தைந்தில் ஒரு முறையே. ஐந்தில் ஒன்று எங்கே, அறுபத்தைந்தில் ஒன்று எங்கே!

ஆனால் இக்கணக்கு முழுவதும் ஒரே நிபந்தனையின்மேல் நிற்கிறது: மூவரும் ஒருவரை ஒருவர் அறியாதிருக்க வேண்டும். மூவரும் ஒரே டீக்கடையில் கேட்டதையே கொண்டு வந்தால், மூவர் சொல்லும் ஒருவர் சொல்லே. மறைந்திருப்பவனே அச்செய்தியைப் பரப்பி இருந்தாலோ, மூவரல்லர், முந்நூற்றுவர் சொன்னாலும் அது வலையே. 'ஒருவர் அறியாதபடி' என்ற நிபந்தனையைச் சேர்த்த பழந்தமிழ் அறிவை எண்ணி நாம் மகிழலாம். மகிழ்வதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் உணர்தல் வேண்டும்.

பாலாறு

பாலாறு என்றதும் நந்திமலைப் பக்கத்தில் தோன்றி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே சென்று கடலில் கலக்கும் ஆறே பலருக்கு நினைவு வரும். நான் கூறுவது அதுவன்று. மாதேசுவரன் மலைக்காடுகளின் அடிவாரத்தில் இரு மாநில எல்லையில் ஓடிக் காவிரியில் கலக்கும் ஒரு சிற்றாறு இது. அருகே 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு. இக்கரையில் தமிழ், அக்கரையில் கன்னடம் என்று பிரித்துக் கூற இயலாத நாடு. கொள்ளேகாலம் வட்டமே 1956 நவம்பர் முதல் நாள்வரை சென்னை மாநிலத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் பின்னரே மைசூரோடு சேர்ந்தது. 1997இல் சாமராசநகர் மாவட்டம் பிரியும்வரை இப்பகுதி மைசூர் மாவட்டமாகவே இருந்தது.

இக்காடுகளில்தான் வீரப்பனும் அவனைத் தேடிய காவற் படைகளும் பல்லாண்டு மறைந்தாடினர். யானைத் தந்தமும் சந்தன மரமும் காரணம். 1991 நவம்பரில் வன அதிகாரி பி. சீனிவாஸ் கொல்லப்பட்டார். 1992 ஆகஸ்டு 14ஆம் நாள், மைசூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் ஹரிகிருஷ்ணாவும் உதவி ஆய்வாளர் ஷகீல் அகமதுவும் மீண்யம் என்னும் ஊரின் பக்கம் பதுங்கியிருந்த கூட்டத்தால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களை அவ்வழியே வரவழைத்தது துப்பாளி வழியாக வந்த ஒரு செய்தியே. மேலே சொன்ன கணக்கில் கடைசியாகக் கூறிய வகை இது: மறைந்திருப்பவன் தானே விடுத்த செய்தி.

1993 ஏப்ரல் 9ஆம் நாள், பாலாற்றின் அருகே, தமிழ்நாட்டுக் காவல் அதிகாரி கே. கோபாலகிருஷ்ணன் தலைமையில் சென்ற குழுவின் வழியில் கண்ணி வெடிகள் வெடித்தன. இருபத்திரண்டு பேர் மாண்டனர். அதிகாரி படுகாயத்தோடு பிழைத்தார். நம் இரண்டு கதவுக் கணக்கு இங்கே தலைகீழாக நிற்பதைக் காண்க. காட்டுக்குள் மறைந்திருப்பவனுக்கு வழிகள் பல. வண்டியில் செல்லும் காவலருக்குச் சாலை ஒன்றே. ஒற்றர் எக்கதவில் வருவார் என்று காவலர் எண்ணிக்கொண்டிருக்க, காவலர் எக்கதவில் வருவார் என்பது ஒற்றருக்கு முன்னமே தெரிந்திருந்தது. ஒழுங்கை மாற்ற இயலாத பக்கமே தோற்கும் பக்கம்.

பதினோர் ஆண்டுகள் சென்றன. 2004 அக்டோபர் 18ஆம் நாள் இரவு, தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே, கண் சிகிச்சைக்கென்று ஓர் ஆம்புலன்சில் ஏறிச் சென்ற வீரப்பன், கே. விஜயகுமார் தலைமையிலான அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த ஆம்புலன்சும் காவலருடையது. ஓட்டுநரும் மாறுவேடத்தில் இருந்த காவலர். அதாவது, காவலர் ஒற்றர் ஆயினர். காட்டில் மறைந்திருந்தவன், நான்கு பக்கமும் அடைத்த ஒரு பெட்டிக்குள் தானே வந்து அமர்ந்தான். திரை ஆட்டத்திலும் ஒரு சுற்று முடிந்ததும் பக்கங்கள் மாறும். பண்டோரா டுமாரோ வெளிவந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தது தற்செயலே.

மூன்றாவது ஆட்டக்காரர்

இவ்வளவு தூரம் கணக்கு நமக்கு உதவிற்று. இனி அது எங்கே நின்றுவிடுகிறது என்று காண்போம்.

ஒரு முறை என் பாட்டனார் எங்கள் வீட்டிற்கு வந்திருந்தபோது, நான் இவ்வாட்டத்தை ஆடுவதைப் பின்னால் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கொளத்தூர்ப் பக்கத்துக் குடியானவர்; வயது எண்பதை நெருங்குகிறது. ஒற்றர் யார், காவலர் யார் என்று விளக்கினேன். தலையசைத்துக் கேட்டுவிட்டு, "ஏஞ்சாமி, இதுல ஊர்ச்சனம் எங்கே?" என்றார். "இதில் ஊரே இல்லை, தாத்தா, வெறுங் கட்டிடந்தான்" என்றேன். "அப்பச் சரி. ஊர் இல்லீன்னா வெளையாடலாம்" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

அவர் வினாவைக் கணக்காக்கிப் பார்ப்போம். காட்டோரச் சிற்றூரில் வாழும் ஒருவனிடம் காவலர் வந்து, "கண்டாயா?" என்று கேட்கிறார். கண்டதைச் சொன்னால், சொன்னவன் இன்னானென்று காட்டுக்குள் இருப்போர் அறிவர்; உயிருக்கு ஆபத்து. சொல்லாமலிருந்தால், மறைத்தவன் இன்னானென்று காவலர் ஐயுறுவர். அடியும் சிறையும் வரலாம். ஒன்றும் காணவில்லை என்று உண்மையையே உரைத்தாலும், சொல்லாதவனுக்கும் காணாதவனுக்கும் வேற்றுமை காவலருக்குத் தெரியாது. அவன் முன் உள்ள கதவுகள் யாவற்றிலும் மதிப்பெண் சுழியத்திற்குக் கீழே. அவன் ஆட்டத்தில் சேரவும் இல்லை. ஆட்டத்தை விட்டு விலகவும் இயலாது. காசைச் சுண்டி முடிவு செய்தாலும் அவனுக்குப் பயனில்லை. ஏனெனில் எல்லாக் கட்டங்களும் இழப்பாக இருக்கும்போது எதைக் கலந்து என்ன?

இது கற்பனையன்று. பாலாற்றில் மாண்ட இருபத்திரண்டு பேரும் காவல் துறையினர் அல்லர். வனக் காவலரும், துப்புச் சொல்லவும் வழி காட்டவும் உடன் சென்ற ஊராரும் அவர்களுள் இருந்தனர். அப்பக்கம் இவ்வாறு. இப்பக்கம், தேடுதலின் பெயரால் ஊர் மக்கள் அடைந்த துன்பங்களைக் குறித்து எழுந்த முறையீடுகளை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி ஏ. ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் தொடர்பாக 2007இல் பாதிக்கப்பட்டவர்கள் 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு பரிந்துரைத்தது. பாலாற்று வழக்கில் நால்வருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2004இல் மரண தண்டனையாக உயர்த்திற்று. 2014 சனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. ஓர் ஆட்டத்தின் ஒரு சுற்று முடிய இருபத்தோர் ஆண்டுகள் ஆயின. திரையில் மாண்ட ஒற்றர் சில நொடிகளில் மீண்டும் எழுவார்.

இதனால் இவ்விளையாட்டுக்கள் தீயன என்று நான் கூற வரவில்லை. பெரியோர் சிலர், "துப்பாக்கி ஆட்டம் பிள்ளைகளைக் கெடுக்கும்" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகின்றனர். பொறுமை, பிறர் பார்வையில் நின்று பார்த்தல், தன் பழக்கத்தைத் தானே கண்டறிதல் முதலியவற்றை ஒற்றர்–காவலர் ஆட்டம் கற்பிக்கிறது. இவை இழிந்த பயிற்சிகள் அல்ல. ஆனால் அதன் கணக்கு தெளிவாக இருப்பதற்குக் காரணம், கணக்கைக் குழப்பும் மனிதரை முதலிலேயே வெளியேற்றிவிட்டதுதான். அறிவியல் மாணவர்களாகிய நாம் இதனை அறிவோம். உராய்வு இல்லாத தளம், காற்று இல்லாத வெளி என்று கொண்டே நம் பாடங்கள் தொடங்குகின்றன. அவ்வாறு தொடங்குவது குற்றமன்று. உராய்வை மறந்தே போவதுதான் குற்றம். ஒற்றர்–காவலர் ஆட்டத்தில் விலக்கப்பட்ட உராய்வு, ஊர்ச்சனம்.

காட்டைக் காக்கும் ரோந்துக்கு இன்று கணிப்பொறிக் கணக்கு பயன்படத் தொடங்கிவிட்டது. நம்முள் சிலர் நாளை வனத்துறையிலும், காவல் துறையிலும், அத்தகைய கணக்கை எழுதும் நிறுவனங்களிலும் பணியேற்கக் கூடும். எந்த வழியே போகலாம் என்று கணக்கு அவர்களுக்குச் சொல்லும். வழியிலுள்ள குடிசையின் வாயிலில் நின்று எவ்வாறு கேட்பது, கேட்டபின் சொன்னவனை எவ்வாறு காப்பது என்பதனை அது தானாகச் சொல்லாது. அதற்கென ஒரு பத்தி யாரேனும் எழுதி வைத்தால்தான் உண்டு.

ஆகவே நம் சங்கத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடுபுலிக் கோலம் இரண்டு வரைந்து, நடுவே ஒரு திரையிட்டு, ஒரு நடுவரை அமர்த்தினால், ஒற்றரும் காவலரும் ஒருவரை ஒருவர் காணாமல் ஆடும் ஆட்டம் ஒன்று ஆயத்தம். அதில் மூன்றாவது பக்கமாக ஊராரையும் சேர்ப்போம். அவர்களுக்கு நான்கு காய்கள் கொடுப்போம். தம் அருகில் வரும் காய்களை அவர்கள் காணலாம், சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். சொன்னவர் இன்னாரென்று வெளிப்படுவதற்கும், சொன்னவரைக் காவலர் காப்பதற்கும் விதிகள் வகுப்போம். பொங்கல் விழாவுக்குள் ஆடிப் பார்த்துவிடலாம். விதிகளை எழுத உட்காரும் நாளில் முதலாவதாகத் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒற்றர் வென்றால் என்ன, காவலர் வென்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்; ஊரார் வென்றார் என்று நடுவர் எப்பொழுது சொல்ல வேண்டும் என்பதே அது. அதற்கு விடை எண்ணிக்கொண்டு வாருங்கள். காசும் காகிதமும் நான் கொண்டு வருகிறேன்.